அழுகலை வாசித்த பெண்கள்

போர் வரலாற்றில் பெண்களைத் தேடிப் போகும்போதெல்லாம் 'சேவை' என்ற சொல் வந்து வழிமறிக்கிறது. காயத்துக்குக் கட்டுப் போட்டவள், நெற்றியில் ஈரத்துணி வைத்தவள், சாகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இவையெல்லாம் நடந்தவைதான். ஆனால் அந்தக் காயத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவள், எந்தச் சதையை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தவள், கண்டதை எழுதி மருத்துவ இதழுக்கு அனுப்பியவள் எங்கே? முதல் உலகப் போர்க் காலத்து கேங்ரீன் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அவளை நான் சந்தித்தேன்.

கேங்ரீன் என்பது உயிரோடிருக்கும் உடலில் ஒரு பகுதி மட்டும் செத்துப்போவது. ரத்தம் போய்ச் சேராத சதைக்குப் பிராணவாயு கிடைக்காது. அது மரத்து, குளிர்ந்து, கறுத்துவிடும். ரத்தக் குழாய் அடைபட்டு மெல்ல உலர்ந்து கறுப்பது ஒரு வகை. கிருமி புகுந்து ஈரமாக அழுகுவது இன்னொரு வகை. நம் வீடுகளில் சர்க்கரை நோய் முற்றியவர்களின் கால்விரலில் இந்த இரண்டையும் பார்த்திருப்போம். மூன்றாவது, வாயு கேங்ரீன். போர்க்களத்தில் சிப்பாய்கள் அதிகம் அஞ்சியது இதற்குத்தான்.

இதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. வடக்கு பிரான்சின் வயல்கள் தலைமுறை தலைமுறையாக எரு போட்டு உழுத நிலங்கள். அங்கேதான் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. வெடித்த குண்டின் சில்லு, சேறு படிந்த சீருடைத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொடைச் சதைக்குள் ஆழமாகப் போய்விடும். நசுங்கிய சதைக்கு ரத்தம் வராது. பிராணவாயு இல்லாத அந்த இடம்தான் இந்தக் கிருமிக்கு உகந்த இடம். அது கக்கும் நஞ்சு பக்கத்திலிருக்கும் நல்ல சதையையும் கொல்ல, கிருமி மேலும் பரவுகிறது. கூடவே வாயுவும் உண்டாகிறது. வீங்கிய தோலை விரலால் அழுத்தினால் நறநறவென்று கேட்கும். தோல் வெண்கல நிறமாகி, பிறகு கறுக்கும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மரணம். அப்போது பெனிசிலின் கிடையாது.

1914இல் எல்ஸி இங்லிஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், பெண்களே நடத்தும் மருத்துவமனைகளைத் தருவதாக பிரிட்டிஷ் போர்த்துறையிடம் கேட்டுப் போனார். நம் நாட்டு நைனிடாலில் பிறந்தவர் அவர். எடின்பரோவில் பெண்களுக்கான மருத்துவமனை நடத்தியவர். வாக்குரிமை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். வீட்டுக்குப் போய் அமைதியாக உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் வாக்குரிமைச் சங்கங்கள் வழியாகப் பணம் திரட்டி, ஸ்காட்டிஷ் பெண்கள் மருத்துவமனைகள் என்ற அமைப்பைத் தொடங்கினார். பிரான்சும் செர்பியாவும் ஏற்றுக்கொண்டன.

பாரிசுக்கு வடக்கே ரோயோமோன் என்ற 13ஆம் நூற்றாண்டு மடாலயம் அவர்களுக்குக் கிடைத்தது. மின்சாரம் இல்லை, மாடியில் தண்ணீர் இல்லை. அதைத் துப்புரவாக்கி 1915 ஜனவரியில் திறந்தார்கள். அறுவை மருத்துவர், கதிர்ப்பட நிபுணர், ஆர்டர்லி என்று எல்லாரும் பெண்கள். தலைமை மருத்துவர் பிரான்சிஸ் ஐவன்ஸ், லிவர்பூலில் மகப்பேறு, மகளிர் நோய் சிகிச்சை செய்துவந்தவர். ஆண்களின் தொடையையும் தோளையும் அறுக்கும் வாய்ப்பு அதுவரை பெண் மருத்துவர்களுக்குக் கிடைத்ததே அரிது.

அங்கே கிருமியியல் ஆய்வகமும் எக்ஸ்ரேயும் அறுவை அரங்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. காயத்திலிருந்து எடுத்த சீழை உடனே சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த எல்ஸி டாலியெல் அங்கே கிருமியியலாளராகப் பணிபுரிந்தார். சதை நார்களுக்கிடையே வாயு படர்ந்திருப்பது எக்ஸ்ரே படத்தில் எப்படித் தெரியும் என்று ஆக்னஸ் சாவில் ஆராய்ந்து எழுதினார். அதே அமைப்பின் இன்னொரு மருத்துவமனையில் இயற்பியலாளர் எடித் ஸ்டோனியும் இதே வேலையைச் செய்தார். செத்த சதையை முழுக்க வெட்டியெடுத்து, காயத்தைத் தைக்காமல் திறந்து வைப்பது, முடிந்தவரை காலைக் காப்பது, பாஸ்டர் நிறுவனத்தின் மிஷெல் வைன்பெர்க் உருவாக்கிய சீரத்தைக் கொடுத்துப் பார்ப்பது என்று சிகிச்சை வளர்ந்தது. 1916 ஜூலையில் சோம் போர் தொடங்கியதும் க்ரெய் ரயில் நிலையத்திலிருந்து இரவும் பகலும் காயம்பட்டவர்கள் வந்தபடி இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களோடு, பிரெஞ்சுப் படைக்குக் கொண்டுவரப்பட்ட செனகல், வடஆப்பிரிக்க வீரர்களும் இருந்தார்கள். 1919 வரை 10,000 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். ஐவன்ஸ் வாயு கேங்ரீன் நோயாளிகளைப் பற்றிய தன் முடிவுகளை மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே கிருமி பெண்ணுடலையும் கொன்றிருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி, ஒளித்துச் செய்யப்பட்ட கருக்கலைப்புகளில், சுத்தமில்லாத கருவி காயப்படுத்திய கருப்பைக்குள்ளும் அது வளரும். சிப்பாயின் தொடையில் வந்தால் அது போர்க்காயம், பதக்கம் உண்டு. கருப்பையில் வந்தால் அவமானம். கிருமிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பிரிட்டனில் 1918இல் சொத்துத் தகுதியோடு 30 வயது கடந்த பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 21 வயதுப் பெண்கள் 1928 வரை காத்திருந்தார்கள். இங்லிஸ் அதைப் பார்க்கவில்லை; 1917 நவம்பரில் இறந்துபோனார். ஐவன்ஸுக்கு பிரான்ஸ் லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது. ஆனால் போர்க்காலத்தில் மாணவிகளைச் சேர்த்துக்கொண்ட லண்டன் மருத்துவக் கல்லூரிகளில் பல, 1920களில் மறுபடி கதவை மூடின. ரோயோமோனில் கைவந்த அறுவைத் திறனோடு திரும்பிய பெண்கள் பலருக்கு மறுபடியும் பெண்கள், குழந்தைகள் சிகிச்சைதான் மிச்சம்.

அவர்களைத் தியாகிகள் என்று சொன்னார்கள், வாழ்த்தினார்கள். நிபுணர்கள் என்று சொல்லியிருந்தால் பதவி கொடுக்க வேண்டியிருந்திருக்கும். இன்றும் நம் ஊர் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளியின் புண்ணைத் தினமும் திறந்து பார்த்து, நிறத்தையும் வாடையையும் வைத்து மருத்துவருக்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடும் செவிலியைப் பொறுமைசாலி என்றுதான் புகழ்கிறோம். அவள் செய்வது நோயறிதல். அதை அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்குவோம்.