மண்டபம் கேம்பில் இருந்து வெல் வுமன் கிளினிக் வரை

மலையகத்தில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து குடியேறிய பலருடைய பூட்டன்மார் மண்டபம் கேம்பைத் தாண்டி வந்தவர்கள். 1913இல் இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலேயே திறந்த முகாம் அது. கொலராவும் அம்மையும் தோட்டங்களுக்குப் போய்விடக் கூடாது என்று ஆட்களைச் சில நாள் மறித்து வைத்து, அம்மைப்பால் குத்தித்தான் கப்பலேற்றினார்கள். கேட்க சுகாதார சேவை மாதிரித்தான் இருக்கும். சேவை யாருக்கு என்றுதான் கேட்க வேணும்.

1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. வெறுங்கால் வழியே உள்ளே போய், குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கிற புழு அது. லயத்தில் ஒவ்வொருவரிடமும் மலம் வாங்கி, நுண்ணோக்கியில் பார்த்து, புழு இருந்தால் கசப்பெண்ணெய் மருந்து. மருந்து குடித்தவர் கொஞ்ச நாளில் அதே மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கப் போனார். புழுவும் திரும்பி வந்தது. மலசலகூடம் கட்டக் காசு செலவாகும் என்று துரைமார் இழுத்தடித்தார்கள். பரிசோதனை மட்டும் புதுசு, மற்றதெல்லாம் பழசு!

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு வந்தபோதுதான் வழி மாறியது என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரு குறிப்பிட்ட பகுதி, அதற்கென்று ஒரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகப் போகும் மருத்துவமாது. நோயைத் தேடிப் போனவர்கள் ஆட்களைத் தெரிந்துகொள்ளத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. அதனால்தான் 1996இல் பெண்களுக்காக வெல் வுமன் கிளினிக் தொடங்கியபோது புதிதாக ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை என்றால் எந்தப் பெண்ணும் கூச்சப்படுவாள்தான். பிள்ளைக்கு நிறை பார்த்த அதே மிஸ் "வாங்கோ, பயப்படாதீங்கோ" என்றால் கதை வேறு.

ஆனால் வெள்ளவத்தை பிளாட்டுகளில் மிஸ் கீழே செக்கியூரிட்டி மேசையோடு நிற்க வேண்டி வரும். பக்கத்துக் கதவே யாரென்று தெரியாத இடம். 2017இல் எச்.பி.வி. தடுப்பூசியை ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடத் தொடங்கியது கெட்டிக்காரத்தனம். எந்த பிளாட்டில் இருந்தாலும் பிள்ளை வகுப்புக்கு வந்துதானே ஆகும். அந்தப் பிள்ளைகளின் அம்மாமாருக்குத்தான் இன்னும் அப்படி ஓர் இடம் அமையவில்லை.