பட்டம் பெறாதவர் தொடங்கிய படிப்பு

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கென்று தனிப் பள்ளி கண்ட வால்டர் வில்லியம்ஸ் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கியவரல்ல. சிற்றூர் அச்சகம் ஒன்றில் பையனாகச் சேர்ந்து, பத்திரிகை ஆசிரியராக உயர்ந்தவர். 1908 செப்டம்பர் 14 அன்று அவருடைய பள்ளியில் வகுப்புத் தொடங்கியது. அதே நாளில் மாணவர்கள் ‘யுனிவர்சிட்டி மிசௌரியன்’ பத்திரிகையின் முதல் இதழையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் ஒரு பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் இருந்தபோது, இதழியல் பட்டயத்தோடு வேலை கேட்டு வரும் பையன்களிடம் எங்கள் சீஃப் சப் (தலைமைத் துணையாசிரியர்) சான்றிதழைக் கேட்கமாட்டார். டெலிபிரிண்டர் தாளைக் கிழித்து நீட்டி, “இதை நாலு வரியாக்கிக் கொண்டாங்க தம்பி” என்பார். பத்திரிகைக்காரன் பிறக்கிறான், அவனை வகுப்பில் உண்டாக்க முடியாது என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியை மறுத்துத்தான் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் 1904-இல் நீண்ட கட்டுரையே எழுதினார். அவர் தந்த நிதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912-இல் இதழியல் பள்ளி திறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

நம் பக்கத்தில் சீஃப் சப்பின் கட்சிக்கே பலம் அதிகம். 1878-இல் ‘தி இந்து’வைத் தொடங்கிய ஆறு பேரில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். பாரதியார் 1904-இல் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கித் தொழில் பழகினார். அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரின் அலுவலகம்தான் அவருக்கு வகுப்பறை.

இந்தியாவில் இதழியலைப் பாடமாக வைத்தவர் அன்னி பெசன்ட். 1920-இல், அடையாற்றில் அவர் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில். ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ என்ற பத்திரிகையை 1914-இல் வாங்கி ‘நியூ இந்தியா’ என்று பெயர் மாற்றி நடத்திவந்தவர் அவர். மாணவர்கள் பயிற்சிக்குப் போனதும் அங்கேதான். அந்தப் படிப்பு நிலைக்கவில்லை. 1941-இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி. பி. சிங் ஒரு துறையைத் தொடங்கினார். பிரிவினை அதைப் பெயர்த்து டெல்லிக்குத் தள்ளியது. 1962-இல் சண்டிகரில் நிலைகொண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இல் பட்டய வகுப்பு ஆரம்பித்தது. மத்திய அரசின் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965-இல் வந்தது. அதன் பிறகு வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம் எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்லூரியில் எடிட்டிங் பாடம் எடுத்தேன். தொடர்பியல் கோட்பாட்டாளர்களான லாஸ்வெல்லும் மெக்லூகனும் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பயிற்சி இதழ் பருவத்தேர்வு முடிந்த பிறகுதான் அச்சாகும். மதிப்பெண் போட்டதும் பீரோவுக்குள் போகும். வெளியே ஒருவர் கண்ணிலும் படாது. கோட்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வில்லியம்ஸும் பெசன்ட்டும் மாணவன் கையில் பத்திரிகையைக் கொடுத்தது அவன் செய்தியின் தொடக்கப் பத்தியான ‘லீடு’ எழுதப் பழக மட்டுமல்ல. வாசகர் ஒருவர் இருக்கிறார் என்ற பயம் வர வேண்டும். பெயரைத் தப்பாகப் போட்டால், மறுநாள் காலை பேப்பரும் கையுமாக ஒருவர் படியேறி வந்து சத்தம் போட வேண்டும். என் மாணவர்களிடம் அப்படிச் சண்டைக்கு வர ஒருவரும் இல்லை. அந்த ஒருவருக்குப் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்கினால், சீஃப் சப்புகளும் சான்றிதழை மதிப்பார்கள்.