மெய்நிகர் கணினியில் லினக்ஸ்: டிரைவர் ஏறவில்லையா? வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கணினித் துறையில் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் பயிற்சி தவிர்க்க முடியாத ஒன்று. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி என்றால், அதிலுள்ள விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்ற யாரும் துணியமாட்டார்கள். தம்பியின் பள்ளிப்பாடமும் வீட்டுக் கணக்கும் அதே கணினியில்தான் இருக்கும்.

இதற்கு வழி, மெய்நிகர் கணினி. விண்டோஸுக்குள்ளேயே ஒரு சன்னலில் இன்னொரு கணினி ஓடுவது போன்ற ஏற்பாடு இது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் உருவாக்கிய இதனை 2008இல் சன் நிறுவனம் வாங்கியது. 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குச் சென்றது.

லினக்ஸ் ஏறிவிடும். ஆனால் திரை சிறிதாகவே நிற்கும், கோப்பைப் பகிர முடியாது, நகலெடுத்து ஒட்ட முடியாது. பலர் திணறுவது இந்த இடத்தில்தான்.

எந்த டிரைவர் தேவை, எது தேவையில்லை

மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் லினக்ஸ், மடிக்கணினியின் உண்மையான பாகங்களைப் பார்ப்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் போலிப் பாகங்களையே பார்க்கிறது. விண்டோஸ் வைஃபையில் இணைந்திருந்தாலும், உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அது கம்பிவழி இணைப்பாகவே தெரியும். வைஃபை அடையாளம் இல்லையே என்று வைஃபை டிரைவரைத் தேடுவது வீண் வேலை. என்விடியா வரைகலை டிரைவரை உள்ளே நிறுவ முயல்வதும் அப்படித்தான்; அந்த அட்டையே உள்ளே தெரியாததால் நிறுவல் தோல்வியில் முடியும்.

தேவைப்படுவது ஒன்றே ஒன்று: 'கெஸ்ட் அடிஷன்ஸ்' எனும் தொகுப்பு. திரையளவு மாறுவது, கோப்புறைப் பகிர்வு, நகலெடுத்து ஒட்டுவது எல்லாம் இதைச் சார்ந்தவை. இது விர்ச்சுவல்பாக்ஸுடனேயே கணினிக்கு வந்துவிடுகிறது. தனியாகப் பதிவிறக்கத் தேவையில்லை. மலைமடிப்புகளில் அமைந்த தோட்டக் குடியிருப்புகளில் கைப்பேசி இணையத்தை நம்பியிருப்போருக்கு இது சிறிய விஷயமன்று. உபுண்டு 24.04இன் நிறுவல் கோப்பு மட்டுமே 5 ஜிபிக்கு மேல். அதைத் தானா ராத்தா போன்ற பட்டணத்தில், நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்கும் முன் இரண்டு காரியம்

முதலாவது, 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வையுங்கள். மெய்நிகர் கணினியின் இப்போதைய நிலையை அது அப்படியே பதிந்து வைக்கும். டிரைவர் நிறுவலில் ஏதும் கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். லினக்ஸை மறுபடி ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, லினக்ஸைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். புதுப்பிப்பில் புதிய கெர்னல் வந்திருந்தும் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருந்தால், டிரைவர் தவறான கெர்னலுக்கு ஏறிவிடும்.

நிறுவல் ஏன் தோல்வியடைகிறது

கெஸ்ட் அடிஷன்ஸ் டிரைவர்கள் தயார் நிலையில் வருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு ஏற்ப அங்கேயே தொகுக்கப்படுகின்றன. தையல்காரர் அளவெடுத்துத் தைப்பது போல. அளவும் கருவியும் இல்லையென்றால் தைக்க முடியாது.

அளவு என்பது கெர்னல் ஹெடர் கோப்புகள். உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்று தொடங்கும் தொகுப்பு அது. ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணும் அந்தத் தொகுப்பின் எண்ணும் ஓர் இலக்கம்கூட மாறாமல் பொருந்த வேண்டும். முனையத்தில் 'யூநேம்' கட்டளையுடன் 'ஆர்' தெரிவைச் சேர்த்துக் கொடுத்தால் கெர்னல் எண் தெரியும். ஃபெடோராவில் இதே தொகுப்பின் பெயர் 'கெர்னல்-டெவெல்'.

கருவி என்பது ஜிசிசி, மேக் முதலியவை. உபுண்டுவில் 'பில்ட்-எசென்ஷியல்' தொகுப்பை நிறுவினால் இவை சேர்ந்தே வந்துவிடும்.

இரண்டும் இருந்த பிறகு, 'டிவைசஸ்' பட்டியலில் கெஸ்ட் அடிஷன்ஸ் குறுவட்டைச் செருகும் தெரிவை அழுத்தி, நிறுவலை ஓடவிட்டு, மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அப்போதும் தோல்வி என்றால் ஊகிக்க வேண்டாம். 'வார்' கோப்புறையின் உள்ளே 'லாக்' கோப்புறையில், விபாக்ஸ்ஆட் செட்டப் என்ற பெயரில் ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். அதன் கடைசி வரிகளில் காரணம் எழுதப்பட்டிருக்கும். ஹெடர் இல்லை என்றிருந்தால் மேலே சொன்னதைச் செய்யுங்கள். ஹெடர் இருந்தும் தொகுப்பதில் பிழை என்றால், விண்டோஸில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ் பழையதாகவும் லினக்ஸ் கெர்னல் புதியதாகவும் இருக்கக்கூடும். அப்போது விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பிக்க வேண்டும். உபுண்டுவை மறுபடி இறக்குவதைவிட அது பல மடங்கு சிறிய பதிவிறக்கம்.

டிரைவர் தொகுக்கப்பட்டும் கெர்னல் ஏற்க மறுத்தால், மெய்நிகர் கணினியின் அமைப்பில் 'செக்யூர் பூட்' இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கையொப்பமில்லாத டிரைவரை அது தடுக்கும். பயிற்சிக்கான மெய்நிகர் கணினியில் அதை அணைத்து வைக்கலாம்.

ஏறிய பிறகும் வேலை செய்யவில்லையென்றால்

திரை பெரிதாகவில்லை: அமைப்பில் வரைகலைக் கட்டுப்பாட்டி 'விஎம்எஸ்விஜிஏ' என்று இருக்க வேண்டும். காணொளி நினைவகத்தை 128 எம்பியாக உயர்த்துங்கள்.

பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை, அனுமதி மறுப்பு: பயனர் கணக்கை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து, மறுதொடக்கம் செய்யுங்கள்.

நகலெடுத்து ஒட்ட முடியவில்லை: 'டிவைசஸ்' பட்டியலில் இருவழிப் பகிர்வைத் தெரிவு செய்ய வேண்டும், தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும். அதற்கும் சரிவரவில்லையென்றால், உபுண்டு 24.04இல் கடவுச்சொல் இடும் திரையின் ஓரத்திலுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' தெரிவில் நுழைந்து பாருங்கள்.

64 பிட் லினக்ஸ் பட்டியலிலேயே இல்லை: இது டிரைவர் சிக்கல் அல்ல. மடிக்கணினியின் பயோஸில் மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கலாம்.

தமிழில் தட்டச்சு வரவில்லை: இதுவும் டிரைவர் சிக்கல் அல்ல. விண்டோஸில் முரசு அஞ்சல் இருந்தாலும், மெய்நிகர் கணினிக்குள் செல்வது விசையின் அழுத்தம் மட்டுமே, எழுத்து அல்ல. லினக்ஸுக்குள் 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பை நிறுவி, தமிழ் 99 அமைப்பைச் சேர்த்துக்கொண்டால் தமிழ் வரும்.

நினைவில் வைக்க

ஸ்னாப்ஷாட், புதுப்பிப்பு, மறுதொடக்கம், ஹெடரும் கருவியும், நிறுவல், பதிவுக் கோப்பு: இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கெர்னல் புதுப்பிக்கப்பட்டபின் திரை மீண்டும் சிறுத்தால், புதிய எண்ணுக்குரிய ஹெடரை ஏற்றி, கெஸ்ட் அடிஷன்ஸை மறுபடி ஓடவிட்டாலே போதும். உள்ளே எத்தனை முறை தவறினாலும், பகிர்ந்த கோப்புறைக்கு வெளியே விண்டோஸில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் துணிவோடு பழகுவதற்காகவே மெய்நிகர் கணினி.