மணக்கோலத்தில் ஒரு களப்பலி

தியாகதுருகம் வட்டாரத்தில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து வைத்தால், அரவான் களப்பலிக்கென்று ஓர் இரவு போய்விடும். பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் சகல லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். அர்ச்சுனன் மகன் அரவான் முன்வருகிறான். வியாசர் கதையில் இந்தப் பலி இல்லை. அங்கே அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடிகிறான். தமிழிலோ ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிட்டது.

போருக்குமுன் தெய்வத்துக்கு ரத்தம் காட்டும் வழக்கம் கிரேக்கர்களுக்கும் உண்டு. ஸ்பார்ட்டா வீரர்கள் எதிரிப்படை கண்ணில் பட்டதும் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸுக்கு ஆடு வெட்டுவார்கள். கி.மு. 490-ல் மாரத்தான் போரின்போது, கொல்லும் எதிரி ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆடு என்று ஏதென்ஸ் நேர்ந்துகொண்டது. விழுந்த பாரசீகர்களோ 6,400 பேர்! அத்தனை ஆட்டுக்கு எங்கே போவது? ஆண்டுக்கு 500 ஆடு என்று தவணையாகச் செலுத்தினார்கள். சுமார் நூறாண்டுகள் கழித்து எழுதிய செனபோன் காலத்திலும் அந்த நேர்த்திக்கடன் தொடர்ந்தது.

அதே தெய்வம் ஒரு பெண்ணையும் கேட்டதாக அவர்கள் கதை சொல்கிறது. டிராய் மீது படையெடுக்கக் கப்பல்கள் ஔலிஸ் துறையில் நிற்கின்றன, காற்று வீசவில்லை. தளபதி அகமெம்னான் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தால்தான் ஆர்ட்டெமிஸின் கோபம் தணியும் என்கிறான் குறி சொல்லும் கால்காஸ். அகிலீஸுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லித் தகப்பனே அவளை வரவழைக்கிறான். கல்யாணப் பெண்ணாக வந்தவள் பலிபீடத்தில் நிற்கிறாள். கடைசி நொடியில் தெய்வமே அவளை எடுத்துக்கொண்டு மானை வைத்துவிட்டதாகவும் சொல்வார்கள். எனக்கு அந்த மான் ஆறுதல் தரவில்லை. கல்யாணம் என்று சொன்னது பொய்தானே?

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் அந்தக் கல்யாணம் மெய்யாகவே நடக்கிறது. சாகுமுன் மணமுடிக்க ஆசைப்பட்டான் அரவான். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டினான். சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவர் என்று வணங்கப்படும் அரவானின் சந்நிதியில் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ள உள்ளூர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் தேர். தேரில் ஏறும் அரவான் உருவத்தின் தலை கூவாகத்தினுடையது. மற்ற உறுப்புகளும் அலங்காரங்களும் கீரிமேடு, நத்தம், தொட்டி என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து சேரும். பந்தலடி என்ற இடத்தில் களப்பலி முடிந்ததும் பூசாரி கத்தியால் தாலிக்கயிற்றை அறுக்கிறார், வளையலை உடைக்கிறார். நெற்றிக் குங்குமம் அழிகிறது. மாரடித்து ஒப்பாரி வைத்தபின் தலைமுழுகி வெள்ளைப்புடவை உடுத்துகிறார்கள்.

இறந்த இளைஞனுக்காக அழுவதையே வழிபாடாக்கிய ஊர் கிரேக்கத்திலும் இருந்தது. திரோசென் நகரத்துப் பெண்கள், கல்யாணத்துக்குமுன் தம் கூந்தலில் ஒரு கற்றையை அறுத்து ஹிப்போலிட்டஸ் என்ற அந்த இளைஞனுக்குக் காணிக்கையாக்கினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கப் பயணி பௌசானியாஸ் இதைக் குறித்திருக்கிறார். அந்தப் பெண்களுக்கு அழுகை முடிந்ததும் மணமேடை காத்திருந்தது. பந்தலடியில் அழுபவர்களில் பலருக்கு, ஊரும் உறவும் கூடிச் செய்துவைக்கும் கல்யாணம் வாய்ப்பதே இல்லை. அரவானுக்கென்று எழும் அந்த ஒப்பாரியில் அவர்களுடைய சொந்தத் துக்கமும் சேர்ந்தே ஒலிக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

(தொடரும்)