நோன்பு சட்டமான வரலாறு: வாயில்லா உயிர்களின் மருத்துவமும் இல்லறத்தாரின் கடமையும்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைப் பாறையில், எட்டாம் நூற்றாண்டையொட்டிப் பாண்டியர் ஆட்சியில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் பொலிவுடன் விளங்குகின்றன. அவற்றைச் செய்வித்த குரவர், குரத்தியர் பெயர்களை வட்டெழுத்துப் பொறிப்புகள் தாங்கி நிற்கின்றன. அப்பெருமக்கள் போற்றிய அறத்தின் வேர் கொல்லாமை. ஆயினும் அவ்வறம் இல்லறத்தாருக்கு வகுத்த கடமை கொல்லாதிருத்தலோடு முடிந்துவிடவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. சாவக நோன்பை உரைக்கும் தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இவற்றை எடுத்தோதுகிறது. மாட்டையும் ஆட்டையும் நாயையும் வைத்து வளர்ப்பவன் அன்றாடம் எதில் வழுவக்கூடும் என்பதை நன்கறிந்து வகுத்த வரிசை இது.

நோயுற்ற விலங்குக்கு மருத்துவம் செய்வது அரசின் கடமை என்னும் கருத்தும் இந்நாட்டில் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் தனித்தனியே மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதையும், கிடைக்காத மூலிகைகள் வரவழைத்து நடப்பட்டதையும் தெரிவிக்கிறது. அவ்வேற்பாடு சென்ற நாடுகளின் வரிசையில் சோழரோடு பாண்டியர் பெயரும் உண்டு.

நகர எல்லையில் நின்ற சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1890-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது நகராட்சி எல்லைக்குட்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. வீட்டு விலங்கையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்கையும் தவிர வேறெதையும் காக்கவில்லை. தண்டனையும் போதுமானதாக இல்லை. பின்னாளில் வந்த புதிய சட்டத்தின் நோக்கவுரையே இக்குறைகளை எடுத்துரைக்கிறது. ஆகவே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், அந்நாளில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகிரி போன்ற ஊர்களில் கழுத்துப் புண்ணோடு வண்டியிழுத்த மாட்டுக்கு அச்சட்டம் நிழல் தரவில்லை. நாட்டின் கால்நடைகளில் பெரும்பகுதி கிராமங்களில்தான் இருந்தது. சட்டமோ நகரத்தோடு நின்றது.

ஓர் உறுப்பினரின் மசோதா

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்றே பலரும் அவரை அறிவர். 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக, விலங்கு வதைத் தடுப்பு மசோதாவை 1953-இல் முன்வைத்தார். 1954-இல் நடந்த விவாதத்தில் பிரதமர் நேரு பங்கேற்று, அரசே இப்பொருளை ஆராய்ந்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்தார். அதனை ஏற்று ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு அமைந்தது, ஆய்வு நடந்தது, 1960 டிசம்பரில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவரானார்.

இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படிக்கும் சமணர் எவருக்கும் அணுவிரதத்தின் அதிசாரங்கள் நினைவுக்கு வரும். அடித்தல், அளவு மீறிப் பாரமேற்றுதல், நியாயமற்ற நேரம் கட்டிவைத்தல், உறுப்பைச் சிதைத்தல், போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருத்தல் ஆகிய யாவும் அங்கே குற்றங்களாக உள்ளன. நோயுற்ற விலங்கை வேலைவாங்குவதும் குற்றமே. தவறிழைக்கப்பட்ட விலங்கைச் சிகிச்சை நிலையத்திற்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு 35-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. எனினும் சமய வழக்கின்படி விலங்கைக் கொல்லுதல் குற்றமாகாது என்று 28-ஆம் பிரிவு கூறுவதால், கொல்லாமை நெறியினர் விரும்பியது முழுமையாகக் கிட்டவில்லை.

எஞ்சி நிற்கும் குறை

உணவு, நீர், உறைவிடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் விதி, மருத்துவத்தை அவ்வாறு குறிப்பிடவில்லை. முதற்குற்றத்திற்கான அபராதமும் 10 முதல் 50 ரூபாய் வரை என்றே இருந்துவருகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை உள்ளிட்ட ஐந்து விடுதலைகள் விலங்குகளுக்கு உண்டு என்று இச்சட்டத்திற்கு விளக்கம் தந்தது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்த வரைவு, அவ்வைந்தையும் வளர்ப்பவரின் கடமையாக எழுதி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

வளர்ப்போர் செய்யத்தக்கது

புதிய விதியை வேண்டுவோர் முதலில் அது எந்த மன்றத்திற்குரியது என்பதை அறிதல் வேண்டும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் மாநிலப் பட்டியலில் உள்ளன. வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. இரவு நேரச் சிகிச்சை, நடமாடும் மருத்துவ ஊர்தி, மருந்தகம் போன்றவற்றிற்குத் தமிழ்நாட்டு அரசையும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையும் நாட வேண்டும். வளர்ப்பவரின் கடமையையும் தண்டனையையும் மாற்ற நாடாளுமன்ற உறுப்பினரை நாடலாம்.

நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் சட்டமன்றத்திலும் மனுக்கள் குழுக்கள் உள்ளன. பெயர், முகவரி, கையொப்பத்துடன் எழுதி, உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அளிக்கும் மனு நாடாளுமன்ற அவையின் முன் செல்லும். சட்டத்தை இடையறாது ஆராய்ந்து திருத்தம் பரிந்துரைப்பதும், விலங்கு மருத்துவமனைகளைப் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறுவதும் வாரியத்தின் பணிகள் என்று 9-ஆம் பிரிவு வகுத்துள்ளதால், அங்கும் முறையீடு அனுப்பலாம். மசோதா வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-இல் ஒன்றிய அரசு வகுத்த நெறி. அந்நாட்களில் எழுதப்படும் கருத்துக்கு மதிப்பு மிகுதி.

தனிநபர் மசோதாக்களில் இதுவரை 14 மட்டுமே சட்டமாயின. 1970-க்குப் பின் ஒன்றுகூட நிறைவேறவில்லை. இதைக் கண்டு சோர்வுறத் தேவையில்லை. ருக்மிணி தேவியின் மசோதா அந்தப் பதினான்கில் இல்லை. அது திரும்பப் பெறப்பட்ட மசோதா. ஆயினும் அரசைச் சட்டமியற்றத் தூண்டியது அதுவே. திண்ணையில் பேசும் ஆதங்கம் மனுவாக எழுதப்பட்டு, ஊரார் கையொப்பத்தோடு உரிய மன்றத்தை அடைந்தால்தான் பயன் தரும். உயிர்களிடத்துக் கருணை காட்டுதலை 1976-ஆம் ஆண்டு 42-ஆம் திருத்தம் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமையாக்கியுள்ளது. கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அக்கடமையில் முன்னிற்றல் தகும்.