ரயிலும் தெரியணும்

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவிலிருந்து காலை இ.டி.எஸ். பிடித்துக் கோலாலம்பூர் போவேன். நாள் முழுக்க கொமுட்டரில் சுற்றிவிட்டு இரவு ஜெலாப்பாங் திரும்புவேன். எங்கே போறேன்னு அம்மா கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ரயிலைப் படம் எடுக்கப் போகிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை. மேடையின் கோடியில் மூன்று நான்கு பேராவது கேமராவோடு நிற்போம். 1995இல் தொடங்கிய கொமுட்டரில் ஆரம்ப காலத்தில் ஓடியவை ஆஸ்திரியா, தென்னாப்பிரிக்கா, தென்கொரியா ரயில்கள், மூன்று பெட்டிதான். இப்போது ஓடும் ஆறு பெட்டி ரயில் சீனாவில் செய்தது. இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். மின்கம்பி தாங்கும் கம்பம் ரயிலின் முகத்தை வெட்டாமல் எடுப்பதுதான் எங்களுக்குள் போட்டி.

எனக்குப் பிடித்த இடம் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன். கே.எல். சென்ட்ரலிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம். 2001இல் சென்ட்ரல் திறந்ததும் பழைய ஸ்டேஷனின் மவுசு போய்விட்டது. கொமுட்டர் விசுவாசமாக நின்று போகிறது. 1910இல் கட்டியது. வரைந்தவர் ஹப்பக். 1917இல் முடிந்த எங்கள் ஈப்போ ஸ்டேஷனும் அவர் வரைந்ததுதான். ஏறும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் ஒரே ஆளின் கைவேலை.

ஒருநாள் அப்பா என் கைப்பேசியை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். "இவ்ளோ படத்துல ஒரு மனுசன்கூட இல்லையேடா?" என்றார். உண்மைதான். ஆள் குறுக்கே வந்தால் அந்தப் படத்தை நானே அழித்துவிடுவேன்.

அதற்குப் பிறகு பழைய மலாயா ரயில் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். நாட்டின் முதல் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, எட்டுக் கட்டை தூரம். 1885 ஜூன் 1 அன்று திறந்தார்கள். ஈயம் ஏற்றப் போட்ட பாதை. போட்டது இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படை. அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இன்னொரு பாதை. இன்று போர்ட் கிள்ளான் கொமுட்டரில் ஏறுகிறவர்கள் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சிலிப்பர் கட்டை சுமந்தார்கள், ஜல்லி கொட்டினார்கள். நான் பார்த்த படங்களிலும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. கிராணிகள் கோட்டுப் போட்டு வரிசையாக நாற்காலியில் இருக்கிறார்கள். லைனில் வேலை செய்தவர்கள், அபூர்வமாக வந்தால், எஞ்சின் எவ்வளவு பெரிசு என்று காட்டுவதற்காக ஓரத்தில் நிற்கிறார்கள். பெயர் இல்லை.

சயாம் மரண ரயில் விஷயம் இன்னும் மோசம். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர். அங்கே சாகக் கிடந்த போர்க்கைதிகளில் ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியர் ஒரு கேமராவை ஒளித்து வைத்துப் படம் எடுத்தார். ரொனால்ட் செர்ல், ஜாக் சாக்கர் போன்றவர்கள் ஒளித்து ஒளித்து வரைந்தார்கள். அதனால் அந்தக் கைதிகளின் எலும்பும் தோலுமான உடம்பு உலகத்துக்குத் தெரியும். கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் அதிகம். தோட்டங்களிலிருந்து லாரி ஏற்றப்பட்ட நம்மவர்கள் அதில் பல்லாயிரம். அவர்களிடம் கேமராவும் இல்லை, பென்சிலும் இல்லை. என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். திரும்பி வரவில்லை. எப்படி இருப்பார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தாத்தா ஈப்போவுக்கு வடக்கே லைனில் கேங் கூலி. அவருக்கு ஒரே ஒரு படம் இருக்கிறது. அதுவும் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. 1948 ஜூன் 16 அன்று இங்கே பக்கத்தில், சுங்கை சிப்புட்டில், மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை என்றார்கள். படமும் கைநாட்டும் வேண்டும். கம்யூனிஸ்டா இல்லையா என்று பார்க்க எடுத்த படத்தில்தான் எங்கள் தாத்தா எங்களுக்குக் கிடைத்தார். முறைத்துக்கொண்டு இருக்கிறார். "அவரு மொறைக்கலடா, பயந்துட்டாரு" என்பார் அப்பா.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஆட்களை எடுக்கலாம் என்று கிளம்பினேன். சுலபமாக இல்லை. 2010இலிருந்து கொமுட்டரில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. மற்ற பெட்டிகளிலும் தூங்குகிறவர்களை எடுத்துவிட்டு, வெட்கப்பட்டு அழித்திருக்கிறேன். கேட்காமல் எடுத்தால் நானும் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவனும் ஒன்றுதானே?

போன மாதம் பத்து தீகாவில் இறங்கினேன். மேடையில் ஒரு வங்காளதேசத் தொழிலாளி, தோளில் பை, காலணியில் காய்ந்த சிமெண்ட். மலாயில் கேட்டேன், ஒரு படம் எடுக்கலாமா என்று. சட்டைக் காலரைச் சரிசெய்தார், தலையைக் கோதிக்கொண்டார். நான் கேமராவைத் தூக்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறு. ரயில் வரட்டும், ரயிலும் தெரியணும். ஊருக்கு அனுப்பணும்."

பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் காத்திருந்தோம். ரயில் வந்தது. கம்பம் ரயிலின் முகத்தைச் சரியாக நடுவில் வெட்டியிருந்தது. அதையே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.