அமெரிக்க மாதிரி விமானக் கழகங்கள்: வரலாறும் இளவேனில் பணிகளும்

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி விமானம் என்பது, தரையில் நிற்பவர் வானொலி அலைகளின் வழியே இயக்கும் சிறிய விமானம் ஆகும். இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் சேர்ந்து அமைத்தவையே மாதிரி விமானக் கழகங்கள். தனியொருவர் தம் வீட்டிலேயே விமானத்தைச் செய்துவிடலாம். அப்படியிருக்கக் கழகம் எதற்கு? இக்கழகங்களின் வரலாறே அதற்கு விடை தருகிறது.

தொடக்கம்

மாதிரி விமானக் கலைஞர்களின் தேசிய அமைப்பான மாதிரி வானூர்தியியல் அகாதமி 1936-இல் தோன்றியது. இதன் தலைமையகம் இப்போது இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் உள்ளது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர் வால்ட்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் 1937-இல் 'கஃப்' என்னும் மாதிரி விமானத்தை வானொலி வழியே பறக்கவிட்டனர். விமானத்தை வால்ட்டரும் வானொலிக் கருவியை வில்லியமும் உருவாக்கினர். தேசியப் போட்டிகளில் வென்ற இவ்விமானம் 1960-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது.

தொடக்ககாலக் கருவிகள் மிக எளியவை. பொத்தானை அழுத்தினால், முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையால் சுக்கான் ஒரு பக்கம் முழுவதும் திரும்பும். விட்டால் நடுநிலைக்கு வரும். மீண்டும் அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். அடுத்து எந்தப் பக்கம் என்பதை இயக்குபவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். கைப்பிடியை நகர்த்தும் அளவுக்கேற்பச் சுக்கானும் திரும்பும் முறை 1960-களில் பரவியது.

அலைவரிசைப் பலகை

ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் இயக்க முடியாது. ஒருவரது விமானம் வானில் இருக்கும்போது, அதே அலைவரிசைக்குரிய தம் அலைபரப்பியை இன்னொருவர் முடுக்கினாலே போதும். விமானம் கட்டுப்பாடிழந்து விழும். பல மாத உழைப்பு நொடியில் சிதறுவதோடு, கீழே நிற்பவர் உயிருக்கும் ஆபத்து நேரும்.

இதனைத் தடுக்கப் பறப்புத் திடலில் ஒரு பலகை வைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு வில்லை இருக்கும். வில்லையை எடுத்துத் தம் அலைபரப்பியில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே அதனை முடுக்கலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். கழகத்தின் ஒழுங்கு முழுவதும் இந்தச் சிறு வில்லையில் அடங்கியிருந்தது.

இளவேனில் பணிகள்

வட மாநிலங்களில் பனிக்காலம் விமானம் கட்டும் காலம். பனி உருகியதும் உறுப்பினர்கள் கூடித் திடலில் புல் வெட்டி, ஓடுபாதையின் பள்ளங்களை நிரப்புவர். மாதக்கணக்கில் கிடந்த விமானங்களைச் சோதிப்பது அடுத்த வேலை. மின்கலங்களின் திறன், சுக்கான் கீல்களின் பிடிப்பு, பசை இணைப்புகள், எரிபொருள் குழாய்கள், ஈர்ப்பு மையம் ஆகியன பார்க்கப்படும். பின்னர் அலைபரப்பியின் ஆற்றலைக் குறைத்து, ஏறத்தாழ 30 தப்படி தள்ளி நின்று, விமானம் கட்டளைக்குப் பணிகிறதா என்று பார்ப்பர்.

புதியவர்களுக்குப் பயிற்சி தொடங்குவதும் இப்பருவத்தில்தான். ஆசிரியர், மாணவர் ஆகிய இருவரின் அலைபரப்பிகளும் இணைக்கப்படும். ஆசிரியர் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவர் கையில். விரலை எடுத்ததும் அது ஆசிரியரிடம் திரும்பிவிடும். தென் கரோலினா மாநிலத்தின் உட்ரஃப் ஊரில் மே மாதம் நடைபெறும் 'ஜோ நால்' பறப்பு விழா இப்பருவத்தின் பெரிய கூடல்களுள் ஒன்று.

இன்றைய நிலை

2000-களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. இவை ஒன்றையொன்று குழப்பாமல் இயங்குவதால் பலகையின் தேவை குறைந்தது. கழகத்தின் முதன்மைக் காரணமே மறைந்ததுபோல் தோன்றியது. ஆனால் டிரோன்கள் பெருகியதும் கேள்வி வேறு வடிவில் திரும்பியது: முன்பு அலையைப் பங்கிட்டவர்கள் இப்போது வானத்தைப் பங்கிட வேண்டியதாயிற்று. 250 கிராமுக்கு மேற்பட்ட சிறு விமானங்களுக்கான பதிவு முறை 2015 டிசம்பரில் வந்தது. பின்னர் பறக்கும்போதே தன் அடையாளத்தை ஒலிபரப்பும் கருவியும் கட்டாயமானது. அக்கருவி இல்லாத விமானங்களையும் பறக்கவிட, அரசு ஏற்பு பெற்ற திடல்களில் இடமுண்டு. அந்த ஏற்பைத் தனிநபர் கோர முடியாது. கல்வி நிறுவனங்களும் அரசு அங்கீகரித்த சமூக அமைப்புகளுமே கோரலாம். பழைய பால்சா விமானத்தைப் பரணிலிருந்து இறக்கிவரும் ஒருவருக்கு, கழகத் திடல் இன்று மீண்டும் தேவைப்படுகிறது.